புகையின் வரவு செலவு

இராயபுரத்தின் கல்மண்டபம் பெயரளவில் அமைதியான இடம், நடப்பில் அவ்வாறன்று. துறைமுகத்திற்குச் செல்லும் சரக்குந்துகளும் காசிமேட்டிலிருந்து மீன்கூடைகளை ஏற்றிவரும் வண்டிகளும் அதன் சாலையை ஓயவிடுவதில்லை. அங்கிருந்து வடக்கே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் நிலப்பரப்பில் சுத்திகரிப்பாலையும் உர ஆலையும் அனல்மின் நிலையங்களும் அமைந்துள்ளன. அவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புகைபோக்கி என்பது அடிவானத்தின் ஓர் உறுப்பு. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைக்கூட அதன் புகையைப் பார்த்தே சொல்லிவிடுவர். இத்தனை புகையும் வீணாகத்தானே போகிறது, அதைப் பிடித்து ஏதேனும் பொருளாக்க இயலாதா என்னும் கேள்வி அவர்களிடையே எழுவது இயல்பு.

இயலும் என்பதே விடை. அதுவும் புதிதாக இயல்வதன்று. அதே வட்டாரத்து மணலியில் 1971ஆம் ஆண்டு முதல் அது நடந்துவருகிறது.

1966இல் நிறுவப்பெற்று 1971இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் முதன்மை விளைபொருள் யூரியா. அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தில் இணைந்து முதலில் அம்மோனியம் கார்பமேட் ஆகின்றன. அது நீரை இழந்து யூரியா ஆகிறது. மூலக்கூற்று எடைகளைக் கொண்டு கணக்கிட்டால் 60 கிலோ யூரியாவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவை. கடைகளில் விற்கப்படும் 45 கிலோ மூட்டை ஒன்றினுள் 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு உறைந்து கிடக்கிறது. வயலில் அம்மூட்டையைப் பிரிப்பவர் தாம் தோளில் சுமந்துவந்த எடையில் பெரும்பகுதி ஒரு வாயு என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

யூரியாவுக்கு வேதியியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. கரிமச் சேர்மங்கள் உயிருள்ளவற்றின் உடலில் மட்டுமே உண்டாகும் என்னும் கருத்து ஓங்கியிருந்த 1828இல், ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர் அதனை உயிரின் துணையின்றிக் கண்ணாடிக் கலத்தில் ஆக்கிக் காட்டினார். கரிம வேதியியல் பாடம் இன்றும் அந்நிகழ்விலிருந்தே தொடங்குகிறது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து யூரியாவைத் தொழில்முறையில் ஆக்கும் வேலை 1922இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் தொடங்கியது. புகையிலிருந்து கரிம வேதிப்பொருளைப் பெறும் தொழில்நுட்பத்திற்கு ஆக ஒரு நூற்றாண்டு அகவை நிறைந்துவிட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யூரியா ஆலை வானத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை இறைத்துக்கொள்வதில்லை. அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனை எண்ணெயிலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ பிரித்தெடுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கழிவாக வெளிப்படுகிறது. அக்கழிவே யூரியாவுக்குள் செல்கிறது. மணலி ஆலை நீண்டகாலம் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாப்தாவைப் பயன்படுத்தியது. எண்ணூரில் திரவ இயற்கை வாயு முனையம் செயற்பாட்டுக்கு வந்த 2019ஆம் ஆண்டில் இயற்கை வாயுவுக்கு மாறியது. இயற்கை வாயுவில் கரியின் பங்கு குறைவு. ஆகவே அதனைப் பயன்படுத்தும் உர ஆலைகளில் அம்மோனியா முழுவதையும் யூரியாவாக்கக் கார்பன் டை ஆக்சைடு போதாமற்போவதுண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஆன்லா, ஃபூல்பூர் ஆகிய ஊர்களிலுள்ள இஃப்கோ ஆலைகள் 2006இல் தம் உலைகளின் புகையிலிருந்தே நாளொன்றுக்கு 450 டன் வீதம் அதனைப் பிடித்தெடுக்கும் அமைப்புகளை நிறுவிக்கொண்டன. வானில் மிகுந்துவிட்டதென உலகம் கவலைப்படும் ஒரு வாயு, தொழிற்சாலைக்குள் தட்டுப்பாட்டுப் பொருளாக இருப்பது வியப்பே.

அவ்வாயு ஏன் எளிதில் வேறு பொருளாக மாறுவதில்லை? பழைய தமிழ் அறிவியல் நூல்கள் அதனைக் கரியமிலவாயு என்றன. நீரில் கரைந்தால் புளிக்கும் என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது, நல்ல பெயர்தான். ஆயினும் வேதியியல் நோக்கில் அதனைக் கரியின் சாம்பல் என்பதே பொருத்தம். விறகு எரிந்தபின் எஞ்சும் சாம்பலை மீண்டும் எரிக்க முடியாது. தரவேண்டிய ஆற்றலையெல்லாம் தந்து முடித்த பொருள் அது. கரி ஆக்சிஜனோடு கூடிக் கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது ஒரு மோலுக்கு 393 கிலோஜூல் வெப்பம் வெளியேறிவிடுகிறது. அதனை மீண்டும் எரிபொருளாகவோ கரைப்பானாகவோ ஆக்க வேண்டுமானால், வெளியேறிய ஆற்றலை வேறெங்கிருந்தோ கொணர்ந்து ஊட்ட வேண்டும்.

வினையூக்கி இவ்விடத்தில்தான் வருகிறது. மயக்கமும் இவ்விடத்தில்தான் நேர்கிறது. குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. மலையைத் தாண்ட முடியாத காற்று அக்கணவாய் வழியே விரைந்து புகுகிறது. கணவாய் காற்றுக்கு வழி. காற்றைப் படைப்பது கணவாயன்று. வினையூக்கியும் அத்தகையதே. மூலக்கூறு ஏறிக் கடக்கவேண்டிய மலைக்குப் பதிலாகத் தாழ்ந்த வழி ஒன்றைக் காட்டும், வினையை விரைவுபடுத்தும், பலவாறு சிதறக்கூடிய விளைவுகளுள் வேண்டியதை மட்டும் தேர்ந்துதரும். ஆனால் ஆற்றல் கணக்கில் ஒரு காசைக்கூட அது தன் மடியிலிருந்து தருவதில்லை. புதிய வினையூக்கி கண்டுபிடிக்கப்பட்டது, இனிப் புகையெல்லாம் எரிபொருள் என்று செய்தி வரும்போதெல்லாம், அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே அறிவியல் கற்றவரின் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். பிசின், வண்ணப்பூச்சு, மருந்து எனப் பல தொழில்களுக்கு மூலப்பொருளாவது, எரிபொருளாகவும் பயன்படுவது. செம்பும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் கலந்த வினையூக்கியின்மீது, 200 முதல் 300 பாகை வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால் மெத்தனாலும் நீரும் கிடைக்கும். இவ்வகைச் செம்பு வினையூக்கி 1960களிலேயே இங்கிலாந்தில் தொழிலுக்கு வந்தது. வேதியியலில் பெரிய மருமம் ஏதுமில்லை. கணக்கில்தான் சிக்கல். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் 188 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். மின்னாற்பகுப்பால் நீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற 50 கிலோவாட் மணி அளவுக்கு மின்சாரம் செலவாகிறது. ஆக, ஒரு டன் மெத்தனாலுக்கு 9,400 கிலோவாட் மணி. அம்மின்சாரத்தை நிலக்கரியை எரித்தே பெறுவதாக வைத்துக்கொண்டால், கிலோவாட் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கார்பன் டை ஆக்சைடு வீதம் ஏறக்குறைய 9 டன் வானில் சேரும். 1.4 டன்னைப் பிடிக்க 9 டன்னை விடுவது எவ்வகை வணிகம்?

கணக்கு இவ்வாறிருப்பதால்தான் இத்தொழில் முதலில் வேரூன்றிய இடம் ஐஸ்லாந்து. அங்கு நிலத்தடி வெப்பத்தாலும் அருவிகளாலும் மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. நிலத்தடி நீராவியோடு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே வெளிவருகிறது. ஸ்வார்ட்செங்கி என்னுமிடத்தில் 2012இல் தொடங்கப்பெற்று, ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் ஆக்கும் திறனுக்கு விரிவாக்கப்பட்ட ஆலைக்கு ஜார்ஜ் ஓலாவின் பெயர் சூட்டப்பட்டது. 1994இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற அவர், பெட்ரோலியத்தின் இடத்தில் மெத்தனாலை வைத்து ஒரு பொருளாதாரத்தையே எண்ணிப் பார்த்தவர்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் செபாஸ்டியன் பீட்டர் குழுவினர் கண்ட வினையூக்கியின் அடிப்படையில் உருவான ‘பிரீத்’ என்னும் நிறுவனம், உலக அளவில் நடந்த கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2018இல் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான பத்துக் குழுக்களுள் ஒன்றாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில், 500 மெகாவாட் அலகு ஒன்றின் புகையிலிருந்து நாளொன்றுக்கு 20 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து 10 டன் மெத்தனால் ஆக்கும் அமைப்பை என்.டி.பி.சி. நிறுவியுள்ளது. 500 மெகாவாட் அலகு முழுத் திறனுடன் இயங்கினால் ஒரு நாளில் 10,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தல் நன்று. முயற்சியை இகழ்வதற்காக அன்று, அளவை உணர்வதற்காக.

ஹைட்ரஜன் இல்லாமலே கார்பன் டை ஆக்சைடைப் பொருளாக்கும் வழிகளும் உள. தலைவலிக்கு உட்கொள்ளும் ஆஸ்பிரின் மாத்திரைக்கு அடிப்படையான சாலிசிலிக் அமிலம், சோடியம் பீனாக்சைடோடு கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தில் வினைபுரியச் செய்து 19ஆம் நூற்றாண்டிலேயே ஆக்கப்பட்டது. கோல்பே, ஷ்மித் ஆகிய இருவர் பெயரால் அவ்வினை இன்றும் அழைக்கப்படுகிறது. மற்றொரு வழி இன்னும் சுவையானது. புரோப்பிலீன் ஆக்சைடு என்னும் மூலக்கூற்றில் இரு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் முக்கோண வளையமாகப் பிணைந்துள்ளன. அவ்வளையம் நாணேற்றி வளைத்த வில்லைப் போன்றது; விடுபடத் துடித்துக்கொண்டிருப்பது. தகுந்த வினையூக்கி அந்நாணைத் தொட்டுவிட்டால் வளையம் திறந்து கார்பன் டை ஆக்சைடைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. இங்கு ஆற்றலைத் தருவது அவ்வில்லின் இறுக்கமே. ஜப்பானிய வேதியியலாளர் ஷோஹெய் இனோவே 1969இல் துத்தநாக வினையூக்கியைக் கொண்டு இவ்விரண்டையும் நெடுஞ்சங்கிலியாகத் தொடுத்துக் காட்டினார். 2016இல் ஜெர்மனியின் டோர்மாகன் நகரில், மெத்தைகளுக்கான நுரைப்பொருளின் மூலப்பொருளில் ஐந்தில் ஒரு பங்குவரை கார்பன் டை ஆக்சைடாக அமையும்படி ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்தப் புரோப்பிலீன் ஆக்சைடு இந்தியாவில் ஆக்கப்படும் இடம் மணலி. வில் அங்கு உண்டு. வாயுவுக்கும் அங்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வில்லை வளைப்பதற்கு முன்னரே எண்ணெயும் மின்சாரமும் செலவாகியிருக்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டியதே.

தமிழகத்தில் கொதிகலன் புகையைப் பொருளாக்கி உலகின் கவனத்தைப் பெற்ற ஊர் தூத்துக்குடி. அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் அமைப்பு 2016இல் இயங்கத் தொடங்கியது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் என்னும் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. பிடிக்கப்பட்ட வாயு அங்குச் சோடியம் கார்பனேட் ஆகியது. அரசு மானியத்தை எதிர்பார்த்து அது எழவில்லை. உலகைக் காக்கும் ஆர்வத்தால் எழுந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஆலைக்குத் தடையில்லாமல் கார்பன் டை ஆக்சைடு வேண்டியிருந்தது. தன் புகைபோக்கியிலேயே அது இருந்தது. சோடியம் கார்பனேட் கரிமச் சேர்மமன்று. வினையூக்கியின் பெருமை பேச அங்கு இடமுமில்லை. ஆயினும் தேவை, வாயு, விலை மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன நிகழும் என்பதற்கு அதுவே தெளிவான சான்று.

சோடியம் கார்பனேட் என்றால் வேறொன்றுமன்று, சலவைச்சோடாதான். கல்மண்டபத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்திற்காகச் சலவைத் தொழிலாளர் குடியமர்ந்த ஊர். ஆலைச் சோடா வருமுன் அவர்களுடைய தொழிலுக்குக் கைகொடுத்தது உவர்மண். அம்மண்ணின் வெளுக்கும் ஆற்றலுக்குக் காரணமும் இதே கார்பனேட்டுதான். மண்ணும் நீரும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஓசையின்றி வாங்கி ஆக்கிவைத்த சோடாவை அவர்கள் வேதியியல் படிக்காமலே இனங்கண்டிருந்தனர்.

பிடித்த வாயு எத்தனைக் காலம் பிடிபட்டே இருக்கும் என்பது அடுத்து எழும் கேள்வி. கோலிசோடாவில் அடைபட்டது ஏப்பம் வரும்வரை. யூரியாவில் உறைந்தது வயலில் சில நாள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளின் யூரியேசு என்னும் நொதி அதனை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரித்துவிடும். அந்நொதியும் ஒரு வினையூக்கிதான். ஜேம்ஸ் சம்னர் 1926இல் அவரையினப் பயறு ஒன்றிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்து, நொதிகள் புரதங்களே என்று நிறுவினார். ஆலை 150 மடங்கு அழுத்தத்தில் பாடுபட்டுச் சேர்த்ததை அந்நொதி ஈரமண்ணில், பகல்வெயிலில், எவ்வித ஆரவாரமுமின்றிப் பிரித்துப்போடுகிறது. மெத்தனாலை எரிபொருளாக்கினால் அது எரியும் நாள்வரை. மெத்தையின் நுரையில் சில ஆண்டுகள். இராயபுரத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களில் புகுந்ததோ நூறாண்டு கடந்தும் அப்படியே இருக்கிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உண்டுதான் கல்லாக இறுகுகிறது. சூளையில் சுண்ணாம்பு விட்ட மூச்சையே சுவரில் அது திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இத்துறையின் வருங்காலம் மலிவான, புகையற்ற மின்சாரத்தைச் சார்ந்தது. பசுமை ஹைட்ரஜன் மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியத் துறைமுகங்களுள் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 2006இல் அமைந்த தேசிய வினையூக்கி ஆய்வு மையத்தினர் உள்ளிட்டோர், ஹைட்ரஜனைத் தனியே ஆக்காமல் சூரிய ஒளியையே கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கரிமப் பொருளாக்கும் ஒளி வினையூக்கிகளை ஆராய்ந்துள்ளனர். இலை செய்யும் வேலை அது. ஆய்வுக்கூடங்களில் அவ்வழியே கிடைக்கும் விளைபொருள் இன்னும் மைக்ரோமோல் அளவிலேயே குறிக்கப்படுகிறது. எண்ணூருக்கு நிலக்கரி கப்பல் கப்பலாக வருகிறது.

வடசென்னை மக்களுக்கோ இதில் வேறொரு கணக்கும் உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைபோக்கியின் உயரத்திலிருந்து பரவும் அளவில் அது கண்ணை எரிக்காது, மூச்சைத் திணறடிக்காது. அவர்களை வருத்துபவை அதனோடு உடன்வரும் கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் கழிமுகத்தில் படியும் சாம்பலும். புகையைப் பொருளாக்கும் ஒவ்வொரு வினைக்கும் ஒரு துணைப்பொருள் வேண்டும்; அத்துணைப்பொருள் யாருடைய வீட்டருகே இறங்குகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் கடற்கரையருகே, கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கரைசேர்க்கும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறக்கத்திலிருந்த மீனவக் குடும்பங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். யூரியாவில் கார்பன் டை ஆக்சைடோடு கைகோக்கும் அதே அம்மோனியா அது.

வினையூக்கிகளுக்கும் ஒரு நோய் உண்டு. செம்பு, நிக்கல், இரும்பு ஆகிய எவ்வகை வினையூக்கியாயினும் கந்தகம் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் செயலிழந்துபோகும்; வேதியியலார் இதனை வினையூக்கி நஞ்சுறுதல் என்பர். ஆகவே ஓர் உர ஆலையில் நாப்தாவோ இயற்கை வாயுவோ நிக்கல் வினையூக்கியைத் தொடுமுன், பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கந்தகம் நீக்கப்பட்டுவிடுகிறது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கவேண்டுமானாலும் முதலில் சாம்பலையும் கந்தகத்தையும் அகற்றியாக வேண்டும். இல்லையேல் கரைப்பானும் கெடும், வினையூக்கியும் கெடும். இவ்வேற்பாட்டைச் செய்யாமல் எந்தப் பொறியாளரும் அத்தகைய ஆலையை இயக்கமாட்டார்.

அதே புகை நேரே காற்றில் கலக்கும்போது அதிலுள்ள கந்தகத்திற்கான வரம்பை நடுவண் அரசு 2015 டிசம்பரில் அறிவித்தது. அதனை நிறைவேற்ற முதலில் இரண்டாண்டுகள் தரப்பட்டன. பின்னர்க் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025இல் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை எனத் தளர்த்தப்பட்டது.